சிறைக்குக் கட்டிய சோறு

ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையில் நூல் மாலையை மண் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மனுஷர் ஏரிக்கரைமேல் வந்துகொண்டிருந்தார். காலை வெயில் அப்போதுதான் சுள்ளென்று ஏற ஆரம்பித்திருந்தது. நான் தலைக்குத் தண்ணீர் வார்த்து, ஈர முடியை விரித்துப் போட்டுக்கொண்டு படிக்கல்லில் உட்கார்ந்திருந்தேன். வாய் நிறையப் பொரிகடலை, கையில் வெல்லக்கட்டி.

நேரே என் முன்னால் வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், புரையேறிவிட்டது.

அவர் எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை.

நான் இருமி முடிக்கும்வரை மரியாதையாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "ஏனுங்க, இங்க செறை எங்கீங்க இருக்குது? வழியில கேட்டவங்க அத்தன பேரும் இந்தப் பக்கந்தான் கையக் காட்டுனாங்க."

"இதுதானுங்க செறை."

"எதுங்க?"

"இதாங்க. இந்தத் தண்ணி."

அவர் தண்ணீரை இன்னொரு தரம் பார்த்தார். தாமரை இலை, இரண்டு கொக்கு. கரையில் அம்மா காயப்போட்டிருந்த சேலை. மூன்று கல் கூட்டிய அடுப்பில் அத்தை ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வாயில் தண்ணீரை ரொப்பி ஆகாசத்தைப் பார்த்துப் பீச்சி அடித்துக்கொண்டிருந்தவர் எங்க அப்பா. கடைசியாக மாப்பிள்ளை தன் கையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

"அப்ப உங்களையெல்லாம் போலீசு புடிக்கலீங்களா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விஷயம் இதுதான். மலையாளத்துக்காரர்களுக்குச் 'சிற' என்றால் கரை கட்டித் தேக்கிய ஏரி. தமிழாளுக்குச் சிறை என்றால் கம்பி போட்ட இடம். வேலந்தாவளத்துப் பக்கம் இருந்த எங்களுக்கு இரண்டும் வாயில் 'செறை'தான். யார் சொல்கிறார்கள், எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள் என்று பார்த்துப் புரிந்துகொள்வோம். எல்லைக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளையின் ஊரான கோபாலபுரத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டேன் என்று போன வாரங்களில் படித்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். புதிதாகப் படிப்பவர்கள் கொஞ்சம் பயப்படட்டும். அன்றைக்கு நான் பட்ட பயத்தில் கால்வாசியாவது அவர்களும் பட வேண்டாமா?

மலையிலிருந்து இறங்கிய கிறுக்கு

எல்லாவற்றுக்கும் காரணம் எங்க அப்பாதான். இதை அவர் இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் கொச்சி ராஜாவின் சீமையில் இருந்தது. பேர்தான் மலையாள தேசம். மேற்கே கொட்டுகிற மழை எங்கள் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கடலைக்காய், சோளம், கம்பு, கறுப்பு மண். தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணற்றுக்குள் குனிந்து பார்க்கிற சமாச்சாரம். கிணறும் சித்திரையில் பல்லைக் காட்டிவிடும்.

அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த மனுஷர், ஒருதரம் எஸ்டேட் வண்டிக்கு மாடு கொடுக்க உடுமலை வழியாக மலையேறி மூணாறுக்குப் போனார். போனவர் மாட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே? மேலே எங்கேயோ ஒரு ஏரிக்கரையில் கூடாரம் அடித்திருந்ததாம். எஸ்டேட்டு துரையும் துரைசாணியும் குழந்தைகளும் அங்கேயே சமைத்து, அங்கேயே தின்று, ராத்திரி அங்கேயே தூங்கினார்களாம்.

"ஊடு இடிஞ்சு போச்சுங்களா பாவம்?" என்று அப்பா அங்கே இருந்த ஒரு கங்காணியிடம் கேட்டிருக்கிறார்.

அந்தத் திருநெல்வேலிக்காரர் சிரிசிரி என்று சிரித்துவிட்டு, "வீடு பெருசா இருக்குல்லா! வருசா வருசம் தொரை குடும்பத்தோட இங்கன வந்து ரெண்டு ராத்திரி தங்கிட்டுப் போவாரு. சும்மாதான்" என்றாராம்.

சும்மா! இந்த ஒரு சொல்லை அப்பா மலையிலிருந்து சுமந்துகொண்டு வந்தார். சோறு உண்ணும்போது சும்மா, ஏற்றம் இறைக்கும்போது சும்மா. "ஏ புள்ள, நம்மளும் ஒரு ராத்திரி போயித் தண்ணி ஓரமாத் தங்கோணும். சும்மா."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏனுங்க, தண்ணிக்குப் போறதுன்னா பூப்பறிக்கிற நோம்பிக்குப் போறோம். ஆவாரம்பூப் பறிக்கறோம், கும்மியடிக்கறோம், பொழுதோட ஊடு வந்து சேர்றோம். ஊடு வாசல் இல்லாதவங்களாட்டம் ஏரிக்கரையில போய்ப் படுக்கறது ஆராவது உண்டுங்களா?"

"தொரை படுக்கறானே."

"தொரைக்கு மாடு கறக்கற வேலை இருக்குதுங்களா?"

அப்பா செம்பை எடுத்துக்கொண்டு மாடு கறக்கப் போனார். ஆனால் அதற்காக எடுத்த காரியத்தை விட்டுவிடுகிற ஜாதி இல்லை அவர்.

தண்ணீர் பார்க்கும் படலம்

மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஏரி பார்த்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சத்தியமாக நடந்தது. நான் வயசுக்கு வந்து வீட்டில் இருந்த காலம். "அம்மிணிக்கு நல்ல எடமாப் பாருங்க" என்று அம்மா சொல்வாள். "பாத்துட்டே இருக்கறன், ஒண்ணுலயும் தண்ணி சரியில்ல" என்பார் அப்பா.

ஏரியை எடைபோட அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு பொட்டலம் கட்டுச்சோறு. கரையில் உட்கார்ந்து அதைப் பிரித்து, நிம்மதியாகத் தின்று முடிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால், "அது தண்ணியில்ல புள்ள, வெறும் ஈரம்" என்பார். புருவத்துக்கு மேல் கையை வைத்து ஒரு சுற்றுப் பார்ப்பார். அப்புறம், "இது ஆவாது. வேற பாக்கலாம்."

முதலில் பார்த்தது எங்கள் தோட்டத்துக்குத் தெற்கே இருந்த குட்டை. அங்கே ஏற்கெனவே எருமைகள் குடும்பத்தோடு தங்கியிருந்தன. அதுவுமில்லாமல் அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுச் சாளையின் கூரை தெரிந்தது. "நம்ம ஊட்டுக் கோழி கூவறது கேக்கற எடத்துக்கு வந்து தங்கறதுக்குப் பேரு போக்கிடமாங்க?" என்றாள் அம்மா. ஆவாது.

அடுத்தது வடக்கே ஒரு பெரிய ஏரி. ஜோரான இடம் என்றார் அப்பா. நிழல் உண்டு, குடிதண்ணீர் உண்டு, விறகு உண்டு. கரையில் முனியப்பனும் உண்டு. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சாமி காரியத்தில் ரொம்பக் கெட்டி. "பொம்பளப் புள்ளையக் கூட்டிட்டு முனி நடமாடற எடத்துல ராத்தங்கறதா? பூ கேக்காமப் போவக் கூடாது" என்று கோயிலுக்குப் போய்ப் பூப்போட்டுக் கேட்டாள். வெள்ளைப்பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது.

"முனியும் நம்மளாட்டந்தானுங்கக்கா. ஒறம்பரை, சொந்தம்னு வந்தா ஒரு ராத்திரிக்குத் தாங்காதா?" என்று அப்பா மன்றாடிப் பார்த்தார். அத்தை திருநீற்றை அவர் நெற்றியில் அப்பியதுதான் மிச்சம்.

மூன்றாவது ஏரிக்கு நாங்கள் மூட்டை முடிச்சோடு வண்டி கட்டிக்கொண்டே போய்விட்டோம். ஒரு தரகர் அதைப் பற்றி அவ்வளவு உயர்த்திச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் ஏரிக்குள் சோளம் விளைந்திருந்தது. நல்ல விளைச்சல்தான். பரண்மேல் ஒரு ஆள் உட்கார்ந்து கிளி ஓட்டிக்கொண்டிருந்தான். "ஏரி எங்கப்பா?" என்று கேட்டால், "நீங்க நிக்கறதுதானுங்க" என்றான். அம்மா வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. வழி நெடுக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கட்டுச்சோற்றை எங்கள் வீட்டு வாசலிலேயே பிரித்துத் தின்றோம்.

அப்பாவின் கிறுக்கு அதோடு தெளிந்திருக்கும். கெடுத்தது பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணியம்மா. சித்தூர்ப் பக்கம் பிறந்து எங்கள் பக்கம் குடிவந்தவர். எங்களோடு பேசும்போது தமிழ் பேசுவதாக அவர் நினைத்துக்கொள்வார். நாங்களும் அப்படியே நினைத்துக்கொள்வோம். "எங்க பிறந்த வீட்டிண்டெ அடுத்து ஒரு சிற உண்டு. நல்ல வெள்ளம். கல்படவு உண்டு. கரையில் வழிப்போக்கருக்கு ஒரு அம்பலம் உண்டு, ராத்திரி கிடக்கலாம். யக்ஷி இல்லை, முனி இல்லை. ஞான் அவிடெ வளர்ந்ததாணு, எனிக்கு அறிஞ்சுகூடே?" என்றார்.

அப்பா தனியாகப் போய்ப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்தார். தின்றார். தின்றுவிட்டு அங்கேயே படுத்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தார். அத்தைக்கும் இந்தத் தடவை வெள்ளைப்பூ வந்தது.

அம்மா சும்மா இருந்த ராத்திரி

தை நோம்பியெல்லாம் முடிந்து, கூதல் கொஞ்சம் குறைந்த சமயம். பண்ணையத்து ஆளிடம் மாடுகளை ஒப்படைத்துவிட்டு, வீட்டைப் பூட்டி, உச்சிப்பொழுதில் வண்டி கட்டினோம். அண்டா, சட்டி, பாய், புளிச்சோறு, தட்டவடை, அத்தையின் தைலம். ராமேசுவரம் போகிறவர்கள்கூட இத்தனை சாமான் எடுத்துப்போக மாட்டார்கள்.

அந்த ராத்திரியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொசு கடித்தது. தண்ணீரில் ஏதோ தொபீரென்று விழ, முதலில் எழுந்து உட்கார்ந்தவர் அப்பாதான். கரும்பனை ஓலை விடிய விடிய சலசலத்தது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பொழுது சாயும்போது அம்மா கல்படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டாள். சின்ன மீன்கள் வந்து விரலைக் கடிக்க, கூச்சத்தில் நெளிந்தாள். கையில் முறம் இல்லை, பருத்தி இல்லை, கீரைக்கட்டு இல்லை. அப்படி வெறுங்கையோடு எங்க அம்மா உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே கிடையாது. பக்கத்தில் போய், "என்னம்மா பண்றீங்க?" என்றேன்.

"சும்மா இருக்கறன் சாமி" என்றாள்.

அப்பா தூரத்தில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தண்ணி பட்ட பாடு

நாங்கள் அப்படிச் சும்மா இருந்த அதே சாயங்காலத்தில், வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு வந்திருந்த கோபாலபுரத்து மாமா, வந்ததுதான் வந்தோம், கல்யாணத்துக்கு நாளைப் பேசி முடித்துவிடுவோம் என்று எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா.

அவரைப் பற்றி இரண்டு சேதி தெரிந்தால் போதும். சிவப்புத் தலைப்பாகையைத் தூரத்தில் கண்டாலே சோளக்காட்டுக்குள் இறங்கிவிடுவார். போலீஸ் என்றால் அவ்வளவு பயம். அடுத்தது, எல்லை தாண்டி மாடு வாங்கி விற்கிறவர் என்பதால், "மலையாளம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று யாரைக் கண்டாலும் சொல்லுவார்.

வீடு பூட்டிக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கல்யாணியம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பிறகு நடந்ததைக் கல்யாணியம்மா சாகும்வரை நடித்துக் காட்டுவார். இரண்டு குரலிலும் அவரே பேசுவார்.

"ஊட்டுல ஆரும் இல்லீங்களா?"

"இல்லல்லோ. எல்லாரும் சிறைக்குப் போயி."

"செறைக்கா!"

"ஆங், சிறைக்கு. அச்சனும் அம்மையும் அத்தையும் பெண்ணும், எல்லாரும் ஒண்ணிச்சு."

"பொண்ணுமா?"

"பெண்ணுக்கல்லே வலிய உத்சாகம்!"

"எப்பங்க உடுவாங்க?"

"ஒரு ராத்திரி அவிடெ கிடப்பு. நாளைக்கு உச்சைக்கு வரும்."

"சோறு தண்ணியெல்லாம்?"

"வெள்ளம் அவிடெ தாராளம். சோறு வீட்டிலிருந்து கெட்டிக் கொண்டுபோயி."

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. சிறைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிற குடும்பத்தை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"எதுக்குங்க போனாங்க? என்ன பண்ணுனாங்க?"

"ஒண்ணும் செய்யல்ல. ஒரு சுகத்துக்கு!" என்ற கல்யாணியம்மா, வந்த மனுஷர் முகம் வெளுப்பதைப் பார்த்துத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார். "நல்ல சிறையாணு கேட்டோ. ஞான் அவிடெ வளர்ந்ததாணு. என் அம்மையும் அவிடெத்தன்னே. அடுத்த தவண நீங்களும் குடும்பத்தோட வரணும்."

மாமா வண்டியில் ஏறினது தெரியாதாம். வண்டி போன புழுதிதான் தெரிந்ததாம்.

நூல் மாலை

ராத்திரி கோபாலபுரத்தில் ஒரே ரகளை. "களவாணிக் குடும்பம்! பரம்பரை பரம்பரையாச் செறையில இருக்கறவங்கதான் அக்கம்பக்கத்துலயும்! இந்தக் கண்ணாலம் வேண்டாம்" என்று மாமா குதித்தார்.

ஆனால் மகன் வேறு கணக்குப் போட்டார். (அவர் பேரை எழுதச் சொல்லி ஆசிரியர் கேட்கிறார். எழுத மாட்டேன். வாயாலேயே சொன்னதில்லை, பேனாவால் சொல்வேனா?) அது கதர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். தன் அப்பாவுக்குத் தெரியாமல் தக்ளியில் நூற்று, மாட்டுக்கொட்டகைப் பரணில் நூலை ஒளித்துவைத்திருந்த ஆள் அவர். அம்மா, அப்பா, அத்தை, பெண் என்று ஒரு குடும்பமே, அதுவும் உற்சாகமாக, சோற்றையும் கட்டிக்கொண்டு சிறைக்குப் போயிருக்கிறது என்றால் அது தேசத்துக்காகத்தானே இருக்க முடியும்! பரணில் இருந்த நூலை மாலையாக்கி, இரவல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கோழி கூப்பிடப் புறப்பட்டுவிட்டார்.

வந்து பார்த்தால் நான் பொரிகடலை தின்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது படிக்கல்லுக்கே திரும்பி வருகிறேன்.

அப்பா தண்ணீரை விட்டு ஏறி வந்தார். அத்தை கரண்டியோடு வந்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணியம்மா பேசியதை அவர் வாயால் கேட்டபோது அத்தைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்புறம் அவர், "எங்கப்பா கண்ணாலம் வேண்டாம்னுட்டாருங்க. ராத்திரியே ஒறம்பரைக்கெல்லாம் சொல்லியுட்டுட்டாரு" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "ஏரி ஏரின்னு அலைஞ்சீங்களே, இப்பப் புள்ள பொழப்பே தண்ணியில போச்சுங்களே" என்றாள். அப்பா ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்துகொண்டே நின்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏனென்றால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை அந்தக் காலத்துப் பெண் சொல்லக்கூடாது, இந்தக் காலத்துக் கிழவி சொல்லலாம். முந்தின வருஷம் சந்தையில் எங்கள் செவலைக்காளை அவர் வேட்டி நுனியைச் சவைத்துக்கொண்டே இருந்தது. மனுஷர் அதை இழுக்கவும் இல்லை, மாட்டை அதட்டவும் இல்லை. "பசிச்சிருக்கும்" என்று நின்றுகொண்டிருந்தார். வாழ்ந்தால் இந்த ஆளோடு வாழ வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த ஆள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் முடிந்தது கதை.

அவர் போகவில்லை. எங்க அப்பா அம்மா முன்னாலேயே என்னிடம் நேராகக் கேட்டார். "உங்களுக்குச் செறைன்னா பயமுங்களா?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "நான் பாத்தது இந்தச் செறை ஒண்ணுதானுங்க. இதுல கொசு மட்டுந்தான் சாஸ்தி" என்றேன்.

சிரித்தார் பாருங்கள், கொக்கு இரண்டும் எழுந்து பறந்தன. சிரித்துக்கொண்டே அந்த மாலையை அப்பா கழுத்தில் போட்டார். "ராத்திரி பூரா கொசுக்கடி பட்டிருக்கறீங்க. இதுவும் தியாகந்தானுங்க" என்றார். அப்பா ஈர உடம்போடு, நூல் மாலையோடு, அழுவதா சிரிப்பதா தெரியாமல் நின்றார்.

"பசிக்குதுங்க. கோழி கூப்பிடப் பொறப்பட்டது" என்று அவர் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுச்சோற்றைப் பிரித்தாள்.

மாமா மலையாளம் சொல்லிக்கொடுத்தது

ஊருக்கெல்லாம் சொன்னதை மாமா எப்படி வாபஸ் வாங்குவார்? மலையாளம் தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட மகன் சந்நியாசியாகப் போவது அவருக்கு மேல்.

மகன் வீட்டுக்குப் போய் எதிர்த்தே பேசவில்லை. "நீங்க சொன்னது சரிதானுங்கப்பா. செறையிலதான் இருந்தாங்க. எங் கண்ணால பாத்தேன். நீங்களும் ஒருக்கா வந்து பாத்துட்டீங்கன்னா, அப்புறமேலு நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டன்" என்று வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தார். எங்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணியம்மாவை வேலிக்குள்ளேயே இருக்கச் சொன்னோம். கேட்டால்தானே! முதலில் வண்டியேறியது அவர்தான்.

மாமா கரைமேல் இறங்கினார். தண்ணீரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "இதல்லே சிற! ஞான் பறஞ்ச சிற!" என்று கல்யாணியம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மாமா முகம் போன போக்கு! எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில் எங்க அப்பா செய்த காரியத்துக்காக அவருடைய எல்லாக் கிறுக்கையும் மன்னித்துவிட்டேன். ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், மலையாளம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. செறைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? சின்னப் பையன், நீங்க சொன்னத இவருதான் தப்பா வெளங்கிக்கிட்டாரு" என்றார்.

மாமா அந்தக் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அதானுங்க மச்சான்! நான் செறைக்குப் போயிருக்கறாங்கன்னுதான் சொன்னன். இந்தப் பையன் தானா என்னமோ போலீசு கீலீசுன்னு!" என்று மகனைப் பார்த்து, "செறைன்னா தண்ணிடா! இத்தினி வயசாச்சு, இது தெரியல?" என்றார்.

"தெரியலீங்கப்பா" என்றார் மகன், பணிவாக.

"கண்ணாலம் வேண்டாம்னு சொன்னதுங்க?" என்று அத்தை விடாமல் கேட்டாள்.

"தையில வேண்டாம்னேன். மாசியில வெச்சுக்கலாம்."

மாசியில்தான் வைத்தார்கள்.

வேறே பார்க்கலாம்

கல்யாணமாகி இரண்டோ மூன்றோ வருஷம். ஒருநாள் என் வீட்டுக்காரர் கள்ளுக்கடை முன்னால் போய் நின்றார். மறியல். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தடவை தமிழ்ச் சிறை.

என் மாமனார் சோளக்காட்டுக்குள் ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணியம்மா என்னைப் பார்க்க அத்தனை தூரம் வந்தார். "பையன் எவிடெ?" என்று கேட்டார்.

"செறைக்குப் போயிருக்கறானுங்க" என்றார் மாமனார்.

"நல்லது. இப்போ வெள்ளம் நிறைய உண்டு" என்றார் கல்யாணியம்மா.

யாரும் திருத்தவில்லை. மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பார்க்க அனுமதி கிடைத்ததும் கோயமுத்தூருக்கு நான்தான் போனேன். முதல்நாள் ராத்திரியே புளிச்சோறு கிளறி, வாழையிலையில் கட்டி, மேலே பாக்குமட்டை வைத்துச் சுற்றினேன். உள்ளே விடமாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். தெரியும். ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போவது?

வாசல் வரைக்கும்தான் சோறு வந்தது. அங்கே வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். இளைத்திருந்தார். தாடி. கழுத்தெலும்பு தெரிந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கையில புளி வாசம் வருதே" என்றார்.

"கட்டுச்சோறு கொண்டாந்தனுங்க. உள்ள உடமாட்டீங்கறாங்க."

அவர் புருவத்துக்கு மேல் கையை வைத்தார். எங்க அப்பா மாதிரியே. மதிலை ஒரு சுற்றுப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற வார்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"இது ஆவாது புள்ள. வேற பாக்கலாம்" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் வார்டர் பயந்துபோனார். என் வீட்டுக்காரரைக் கொண்டுபோன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும் அந்தச் சிரிப்போடு வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் செய்து முடிக்கும்வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குச் செவலைக்காளையிடம் நின்ற மாதிரியே, பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

விடுதலையாகி வந்தபோது வண்டியைக் கோபாலபுரத்துக்கு விடச் சொல்லவில்லை அவர். "செறைக்குப் போலாம்" என்றார். வண்டிக்காரன் மிரண்டு போய் என் முகத்தைப் பார்த்தான்.

எனக்குத் தெரியாதா அவரை? முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். கரைமேல் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் தள்ளி நின்று தண்ணீரைப் பார்ப்பது போல மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பழைய நூல் மாலையைக் கொண்டுவந்து, என் வீட்டுக்காரர் கழுத்தில் போட்டார். அதில் அன்றைக்குக் கட்டுச்சோறு தின்னும்போது பட்ட புளிக்கறை அப்படியே இருந்தது.

அவர் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். அம்மா கட்டுச்சோற்றைப் பிரித்தாள்.